சித்திரம் சோறு போடுமா?

மண்ணூர்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு லேத்துப் பட்டறை, ஒரு மளிகைக் கடை, அதற்கு அடுத்த வீடு. தகப்பனாருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவர் கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருகிறார். கூடத்தின் மூலையில் பெண் குப்புறப் படுத்துக்கொண்டு ஏதோ வரைந்துகொண்டிருக்கிறாள்.

"அப்பா, பிளஸ் டூ முடிச்சதும் நான் ஓவியக் காலேஜிலே சேரட்டுமா?"

தகப்பனார் சாதத்தைப் பிசைந்தபடியே சொல்கிறார்: "நல்லாத்தான் வரையறே, கண்ணு. ஆனா இது சோறு போடுமா?"

அவர்மேல் நாம் கோபித்துக்கொள்ள முடியாது. கலையின் அருமை தெரியாதவர் என்று சொல்வதும் அநியாயம். மாதக் கடைசியில் பால் கணக்கும் பள்ளிக்கூடச் சம்பளமும் அவர்தான் கட்டுகிறார். கேள்வி நியாயமான கேள்வி. 'சீச்சீ, கலையைப் பற்றி இப்படிப் பேசலாமா?' என்று மேடையில் முழங்குகிறவர்கள் பல பேர். கேள்விக்குப் பதில் சொன்னவர்கள்தாம் குறைவு.

பதில் சொன்ன ஒருவரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறோம். அவர் பேச்சில் பதில் சொல்லவில்லை. நிலம் வாங்கி, குடிசை போட்டு, ஊரை உண்டாக்கிப் பதில் சொன்னார். அதற்கு அவருக்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆயிற்று!

தந்தி இலாகாவில் ஒரு சித்திரக்காரர்

கே. சி. எஸ். பணிக்கர் 1911-ஆம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி கோயம்புத்தூரில் பிறந்தார். பூர்வீகம் கேரளம். பன்னிரண்டு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வர்ணத்தில் தீட்டத் தொடங்கிவிட்டார். பதினேழாவது வயதில் அவருடைய படங்கள் சென்னை நுண்கலைச் சங்கத்தின் வருஷாந்தரக் கண்காட்சியில் இடம் பெற்றன. மீசை முளைக்கிற வயதில் பெரிய சித்திரக்காரர்களின் படங்களுக்குப் பக்கத்தில் தம் படமும் தொங்குவதைப் பார்த்த பையனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே? தகப்பனார் காலமானார். பாரம் பிள்ளையின் தலையில் விழுந்தது. பணிக்கர் தந்தி இலாகாவில் உத்தியோகத்துக்குப் போனார். பிறகு இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டாகவும் அலைந்தார். ஆயுளுக்கு உத்தரவாதம் கேட்டு வீடு வீடாகப் படியேறிய அந்த இளைஞர், தம்முடைய ஆயுளை என்ன செய்வது என்று யோசித்தபடியே படியேறியிருப்பார்.

கடைசியில் 1936-ல், இருபத்தைந்தாவது வயதில், துணிந்து ஒரு காரியம் செய்தார். சென்னை அரசினர் கலை, கைத்தொழில் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். கூடப் படித்தவர்களில் பலர் அவரைவிடச் சிறியவர்கள். 1940-ல் படிப்பை முடித்தார்; மறு வருஷமே அதே பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். 1941-ல் சென்னையில் அவருடைய தனிக் கண்காட்சியும் நடந்தது. பார்த்தவர்கள் வாயில் ஒரே பேச்சு: நீர்வர்ணம்! கால்வாய்கள், தென்னந்தோப்புகள், தண்ணீரில் விழும் ஆகாயம் ஆகியவற்றைத் தண்ணீரும் வர்ணமும் கலந்து தீட்டியே பணிக்கர் முதலில் பெயர் வாங்கினார்.

அழித்தெழுத முடியாத பரீட்சை

நீர்வர்ணம் என்றால் குழந்தைகள் விளையாட்டு என்று நம்மில் பல பேர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வர்ணப் பெட்டி ஒன்று, தூரிகை ஒன்று, டம்ளரில் தண்ணீர். முடிந்தது என்று நினைப்பு. உண்மையில் அதைப்போல ஆளைத் திணற அடிக்கும் வித்தை வேறு இல்லை.

எண்ணெய் வர்ணத்தில் தப்புச் செய்தால் மேலே இன்னொரு பூச்சுப் பூசி மறைத்துவிடலாம். நீர்வர்ணத்தில் அது நடக்காது. வர்ணப் பொடியை ஒரு மரப் பிசினில் குழைத்துச் செய்ததுதான் இந்த வர்ணம். வேல மர இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பிசின் அது. தண்ணீரில் கரைத்துத் தடவும்போது வர்ணம் கண்ணாடி மாதிரி மெல்லிய படலமாக நிற்கிறது. வெளிச்சம் அதை ஊடுருவிக் காகிதத்தைத் தொட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. ஆகவே படத்தில் இருக்கும் பிரகாசமெல்லாம் காகிதத்தின் பிரகாசம்தான்.

வெள்ளைக்கு அங்கே தனி வர்ணம் கிடையாது. மேகம் வெள்ளையாக இருக்க வேண்டுமானால், அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். கொக்கு வெள்ளையாக இருக்க வேண்டுமானால் கொக்கைச் சுற்றியுள்ள நீரைத் தீட்ட வேண்டும். கொக்கைத் தீட்டக் கூடாது! முதலில் வெளிறிய வர்ணங்கள், பிறகு அடர்ந்தவை, கடைசியில் கறுப்பை ஒட்டிய நிழல்கள். இந்த வரிசையை மாற்றினால் படம் சேறாகிவிடும். போதாததற்கு, ஈரமாக இருக்கும்போது தெரிகிற வர்ணம் காய்ந்த பிறகு ஒரு மாற்றுக் குறைந்துவிடும். அதையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதாவது, எதை வரைவது என்பதைவிட எதை வரையாமல் விடுவது என்று தீர்மானிக்கிறவன்தான் நீர்வர்ணக்காரன்.

இந்த முறை நம் ஊருக்கு வந்த கதையும் சுவாரசியமானது. காமிரா இல்லாத காலத்தில், வந்த இடத்தைப் படம் பிடிக்க வெள்ளைக்காரர்களுக்கு நீர்வர்ணமே வசதி. தாமஸ் டேனியல் என்பவரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1786-ல் இந்தியாவுக்கு வந்தார்கள். 1792-ல் தென்னாட்டுக்கும் வந்து, மாமல்லபுரம், மதுரை என்று சுற்றி வரைந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு அவர்கள் வெளியிட்ட 'ஓரியண்டல் ஸீனரி'யின் 144 படங்களைப் பார்த்துத்தான் லண்டன்வாசிகள் நம் கோபுரங்களைத் தெரிந்துகொண்டார்கள். 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் வர்ணத்தைத் தகரக் குழாயில் அடைக்கும் உபாயத்தைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு வர்ணத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வயல்வெளிக்குக் கிளம்புவது யாருக்கும் எளிதாகிவிட்டது.

வகுப்புக்கு வெளியே வகுப்பு

பணிக்கர் படித்து, பிற்பாடு பாடம் சொன்ன பள்ளிக்கூடம் லேசுப்பட்டதல்ல. 1850-ல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற சர்ஜன் தொடங்கியது. இன்றைக்கு அது அரசு கவின் கலைக் கல்லூரி. பெரியமேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று நாம் பழகிய சாலையில் இருக்கிறது.

பணிக்கரின் ஆசான் தேவி பிரசாத் ராய் சௌதுரி. மெரினாவில் பாறையைப் புரட்டும் நான்கு உழைப்பாளிகளைப் பார்த்திருப்பீர்களே, 1959-ல் நிறுவப்பட்ட அந்தச் சிலையைச் செய்தவர் அவர்தான். வங்காளத்தில் அவனீந்திரநாத் டாகுரிடம் பயின்றவர். 1957 வரையில் சென்னைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் அமர்ந்தவர் பணிக்கர். ஓய்வு பெற்ற 1967 வரையில் அவரே முதல்வர்.

சித்திரப் பள்ளி மாணவர்களுக்கு நாலு சுவருக்குள் பாதிப் படிப்புத்தான். மீதிப் பாதி தெருவில். பள்ளியை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் சென்ட்ரல் ஸ்டேஷன். பக்கத்திலேயே மூர் மார்க்கெட். அதற்கும் பின்னால் மிருகக் காட்சிசாலை. சித்திரம் பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல பாடசாலை ஏது? மூட்டைமேல் சாய்ந்து தூங்கும் போர்ட்டர், பழைய புத்தகத்தைப் புரட்டும் பெரியவர், கூண்டுக்குள் உலாத்தும் புலி ஆகியவர்கள் கூலி கேட்காமல் உருவம் காட்டுவார்கள். ஆனால் ஒருவரும் அசையாமல் நிற்கமாட்டார்கள்! போர்ட்டர் புரண்டு படுப்பதற்குள் முதுகின் வளைவைப் பிடித்தாக வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் நடுவே யோசனை குறுக்கிடாமல் இருப்பதற்கு அதுதான் பயிற்சி.

மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கு இரையாயிற்று. அதே வருஷம் மிருகங்களும் வண்டலூருக்குக் குடிபோயின. ஆனால் ஒன்று கவனியுங்கள். கொரட்டூரிலோ பட்டரவாக்கத்திலோ ஏறி நீங்கள் சென்னைக்குப் போகும் மின்சார ரயில் கடைசியில் நிற்கிறதே, 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்ற அந்த ஸ்டேஷன் பழைய மார்க்கெட் இருந்த இடத்தில்தான் எழுந்திருக்கிறது. தினந்தோறும் நீங்கள் அவசர அவசரமாக இறங்கி நடக்கிற தளத்தில், ஒரு காலத்தில் மாணவர்கள் சப்பணமிட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

மாணவர்களுக்குப் பிறகு என்ன?

பணிக்கருக்குத் தம்முடைய படங்களைப் பற்றிய கவலையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வருஷா வருஷம் கெட்டிக்காரப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வெளியே போகிறார்கள். போய் என்ன செய்வார்கள்?

அந்த நாளில் சென்னையில் சித்திரம் விலைபோகும் கடை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. சித்திரத்தை விலை கொடுத்து வாங்கும் வழக்கமும் அபூர்வம். காலண்டர் சும்மா வருகிறபோது சுவருக்கு வேறு படம் எதற்கு? ஆகவே படித்து வெளியே வந்தவர்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். கைத்தறிக்கு டிசைன் போடும் நெசவாளர் சேவை நிலையத்தில் சிலருக்கு இடம் கிடைத்தது. அவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் நாலைந்து வருஷத்தில் தூரிகையைக் கழுவிப் பரண்மேல் போட்டுவிட்டார்கள். தந்தி இலாகாவில் இருந்த மனிதருக்கு இந்தச் சங்கடம் புரியாமல் இருக்குமா?

1944-லேயே பணிக்கர் 'முற்போக்கு ஓவியர் சங்க'த்தைத் தொடங்கியிருந்தார். தனியாகக் கண்காட்சி வைக்க வசதியில்லாதவர்கள் சேர்ந்து வைக்கலாம் அல்லவா? 1961-ல் சங்கத்தின் சார்பில் 'ஆர்ட்டிரெண்ட்ஸ்' என்ற பத்திரிகையும் வந்தது. ஆனால் கண்காட்சியும் பத்திரிகையும் பெயரைக் கொடுக்கும், அரிசியைக் கொடுக்குமா?

மெழுகு தந்த வழி

அப்போதுதான் ஒரு யோசனை பிறந்தது. 'சித்திரத்தை விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்று யார் சொன்னது? சித்திரம் பழகிய கையை வைத்துச் சாப்பிடலாமே!'

பாத்திக் என்று ஒரு துணி வேலை உண்டு. ஜாவாவில் புகழ் பெற்றது. துணியில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் உருக்கிய மெழுகைத் தடவுவார்கள். பிறகு சாயத்தில் முக்கினால், மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. முதலில் மஞ்சள் மாதிரி வெளிறிய சாயம், மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்தில் மறுபடி மெழுகு, பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பை ஒட்டிய சாயம். எல்லாம் முடிந்து வெந்நீரில் மெழுகை எடுத்துவிட்டால் சித்திரம் பளிச்சென்று தெரியும். மெழுகு நொறுங்கிய விரிசல்களில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடியிருக்கும். அதுவே ஓர் அழகு.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்க வேண்டும். வெள்ளையை விட்டுவிடுவது, வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குப் போவது எல்லாம் நீர்வர்ணத்தின் சட்டங்களே அல்லவா? அந்தப் பயிற்சி உள்ள கைக்குப் பாத்திக் கடினமான காரியமே அல்ல.

ஓவியர்கள் கைத்தொழில் சங்கம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். பாத்திக் துணிகள், தோல் வேலை, உலோக வேலை என்று கையால் செய்த பொருள்களை விற்றார்கள். சித்திரம் வாங்காத ஜனங்கள் சேலையும் திரைச்சீலையும் வாங்கினார்கள்! வந்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய இஞ்சம்பாக்கத்தில் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966-ல் 'சோழமண்டலம் ஓவியர் கிராமம்' பிறந்தது. கோரமண்டல் என்று வெள்ளைக்காரன் வாயில் திரிந்துபோன பழைய பெயருக்குப் பழைய உருவத்தையே திருப்பிக் கொடுத்தார்கள்.

இன்றைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அன்றைய நிலைமையைக் கற்பனை செய்வது சிரமம். கார்கள் பறக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று இல்லை. மணல், சவுக்கு, கடற்காற்று, அவ்வளவுதான். பட்டணத்தில் அறை எடுத்துத் தங்கிய பிள்ளைகள் அங்கே போய்க் குடிசை போட்டுக்கொண்டார்கள். சர்க்கார் மானியம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. காலையில் வயிற்றுக்காகக் கைத்தொழில். மற்ற நேரத்தில் மனசுக்காகச் சித்திரம். சித்திரம் விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி. 'இப்படி வரைந்தால் யார் வாங்குவார்கள்?' என்று பயப்படாமல் வரையலாம். அந்த ஒரு சுதந்திரத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

எஸ். ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், கே. வி. ஹரிதாசன், விஸ்வநாதன், பணிக்கரின் புதல்வரும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் என்று அந்த மணலில் வேர்விட்டவர்கள் பல பேர். விஸ்வநாதன் பிற்பாடு பாரிஸுக்குப் போனார். தென்னாட்டில் புதுமை ஓவியம் என்றால் இந்தப் பெயர்களைச் சொல்லாமல் இன்று பேச முடியாது.

கைவிட்ட வர்ணம்

வேடிக்கை என்னவென்றால், நீர்வர்ணத்தில் கொடிகட்டிப் பறந்த பணிக்கர் அதையே பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. கால்வாயையும் தென்னையையும் கடைசி வரையில் தீட்டியிருந்தால் அவருக்குப் பெயருக்குக் குறைவில்லை. ஆனால் 1950-களில் எண்ணெய் வர்ணத்தில் மனித உருவங்களைத் தீட்டினார். 1954-ல் லண்டனிலும் பிரான்ஸில் லீல் நகரிலும் அவருடைய படங்கள் காட்சிக்கு வந்தன. 1963-ல் தொடங்கி 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தீட்டினார். மலையாள எழுத்துச் சாயலில் வரிவரியாகக் கிறுக்கல், ஜாதகக் கட்டம், கணக்குக் குறிகள், மூலையில் ஒரு மீன் அல்லது பறவை. ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்தபோது தோன்றியது என்று சொல்வார்கள். நம் வீட்டுப் பஞ்சாங்கமும் ஏட்டுச் சுவடியும் சித்திரமாகிவிட்ட மாதிரி இருக்கும்.

ஜனங்களுக்குப் பிடித்ததை விட்டுவிட்டுத் தமக்குச் சரியென்று பட்டதைத் தேடிப் போவதற்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும். வெளிறிய வர்ணத்தைக் கரைத்து, காகிதத்தில் வெள்ளையை விட்டுப் பழகிய மனிதருக்கு, வேண்டாததை விட்டுவிடும் வித்தை கைவந்திருந்தது போலும்!

பணிக்கர் 1977 ஜனவரியில் காலமானார். 1979-ல் திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் ஒரு சித்திரசாலை திறக்கப்பட்டது. சோழமண்டலத்தில் 2009-ல் சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று ஒரு காட்சிசாலை எழுந்தது.

கணக்குப் பார்த்தால்

எல்லாம் சுபமாகவே முடிந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. கே. ராமானுஜம் என்று ஓர் அபூர்வமான சித்திரக்காரர். பேச்சு சரளமாக வராது. மனம் நிலைகொள்ளாமல் தவிக்கும். பணிக்கர் அவருடைய திறமையை அடையாளம் கண்டு ஆதரித்தார். ராமானுஜம் சோழமண்டலத்தில் வசித்தார். மாட மாளிகைகள், விசித்திர மிருகங்கள், நடுவே தொப்பி வைத்த ஒரு சின்ன மனிதன் என்று கனவு உலகத்தையே பேனாவால் நெய்தார். 1973-ல், முப்பத்திரண்டு வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சோறும் கூரையும் கிடைத்துவிட்டால் மனிதனுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமல்ல. ஆனால் கூரை கிடைத்த அந்தச் சில வருஷங்களில் அவர் வரைந்து வைத்துப் போனவை இன்றும் பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கின்றன.

சோழமண்டலத்தை விட்டு வெளியேறியவர்களும் உண்டு. பாத்திக் மோகமும் ஒரு காலத்தில் குறைந்தது. இருந்தும் கிராமம் நிற்கிறது.

சரி, சித்திரம் கற்றவர்களின் நிலைமை மற்ற இடங்களில் எப்படி? ஒரே ஒரு கணக்குச் சொல்கிறோம். 2012-ல் தமிழகத்து அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி கற்றுத்தர 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்கள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் சம்பளம்! மண்ணூர்பேட்டைத் தகப்பனாரின் கேள்வி எத்தனை நியாயம் என்று இப்போது தெரிகிறதா?

பணிக்கரின் பதிலை நாம் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். சித்திரம் ஒருவனாக நின்றால் சோறு போடுவது கடினம். பத்துப் பேர் சேர்ந்தால் போடலாம். சித்திரத்தின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றினால் அது முறிந்துவிடும். கூடவே ஒரு கைத்தொழில் தோள் கொடுத்தால் இரண்டும் நிற்கும். புடவை டிசைனோ, புத்தகப் படமோ, கம்ப்யூட்டரில் அனிமேஷனோ, பிள்ளைகளுக்கு வகுப்போ, எதுவாக இருந்தாலும் அந்த வேலைக்கும் சித்திரம் பழகிய கையே மூலதனம்.

ஞாயிற்றுக்கிழமை காலை

எல்லாரும் இஞ்சம்பாக்கத்துக்குக் குடிபோக முடியாது. அவசியமும் இல்லை. 2007-ல் அமெரிக்காவின் ஸியாட்டில் நகரத்தில் கப்ரியேல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் ஒரு சின்னக் காரியத்தைத் தொடங்கினார். வசிக்கும் ஊரை, நேரில் உட்கார்ந்து, பார்த்தபடி வரைவது. வரைந்ததைப் பிறருக்குக் காட்டுவது. அவ்வளவுதான். இன்று பல தேசங்களில் அப்படிக் கூட்டம் சேர்ந்து வரைகிறார்கள். சென்னையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் தெருவிலும் கடற்கரையிலும் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம்.

மண்ணூர்பேட்டைக்காரர்களுக்கு அதற்காகத் தூரம் போக வேண்டியதில்லை. ஒரு பக்கம் பாடி. திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் கோயில் அங்கே இருக்கிறது. கோபுரத்தின்மேல் காலை வெயில் ஒரு பக்கமாக விழும்போது, தெருவின் எதிர்ச்சாரியில் நின்றே வரையலாம். இன்னொரு பக்கம் கொரட்டூர் ஏரி. தண்ணீர், பறவைகள், ஓரத்தில் ஓடும் ரயில். பணிக்கர் பார்த்திருந்தால் பையைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்! தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளைக்கூட அலட்சியம் செய்யாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்தில் அந்தத் துருவின் சிவப்புக்கு ஈடாக எந்த ரோஜாவும் இல்லை.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்:

பெரிய வர்ணப் பெட்டி வேண்டாம். ஒரு நீலம், ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு காவி போதும். பச்சையைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். நீலத்தையும் மஞ்சளையும் நீங்களே கலந்து பாருங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு பச்சை கிடைக்கும்.

காகிதத்தில் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய காகிதம் தண்ணீர் பட்டதும் அப்பளம்போல் நெளிந்துவிடும். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள காகிதம் வாங்கி, சின்னச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவுப் படம் ஆரம்பத்துக்குப் போதும்.

நிழலில் உட்காருங்கள். வெயில் நேராகக் காகிதத்தில் விழுந்தால் கண் கூசும். வர்ணத்தை வேண்டியதற்கு மேல் அடர்த்தியாகப் பூசிவிடுவீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். சித்திரை வெயிலில் வர்ணம் பரவுவதற்கு முன்பே காய்ந்துவிடும். அப்போது காகிதத்தை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் இதற்கு நேர்மாறாகக் காயவே காயாது. வேறு படத்தைத் தொடங்கிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

அரை மணிக்கு மேல் ஒரு படத்தில் உழைக்காதீர்கள். சரியாக வராவிட்டால் அழிக்க முயலாமல் அடுத்த காகிதத்தை எடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். வரைந்ததை நோட்டுக்குள் மூடி வைக்காதீர்கள். தெருவில் நாலு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து, மாதம் ஒரு முறை துணி காயப்போடும் கயிற்றில் படங்களைக் கிளிப் போட்டு மாட்டட்டும். மளிகைக் கடைக்காரர் பார்ப்பார். லேத்துப் பட்டறைக்காரர் பார்ப்பார். 'அட, இது நம்ம தெரு பம்ப்செட் இல்லே?' என்று ஒருவர் கேட்டால் போதும். யாராவது ஒருவர் ஐம்பது ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கினாலும் வாங்குவார். முற்போக்கு ஓவியர் சங்கமும் சேர்ந்து மாட்டுவதில்தான் ஆரம்பித்தது.

கொரட்டூர் ஏரியின்மேல் நல்ல வெளிச்சம் காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விடும். போகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்புங்கள்.